எனெலேசி வீட்டு விருந்தாளிகள்

சிம்பேனி ஊரில் ஒரு பெண் செய்த காரியத்துக்கு அவள் புருஷன் பதில் சொல்ல வேண்டியதில்லை. கூடப் பிறந்த மூத்தவன்தான் சொல்ல வேண்டும். நிலம் பெண்களுடையது, வீடு பெண்களுடையது, வம்பு வந்தால் மட்டும் அது அண்ணனுடையது. கொத்தனார் லெவிசனுக்கு ஒரு தம்பி, தங்கைகள் இரண்டு பேர். மூத்தவள் கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. அந்தப் பாக்கியையும் சேர்த்து இளையவள் எனெலேசி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீடு தார் ரோட்டை ஒட்டியிருந்தது. ஏரிப் பக்கத்திலிருந்து கருவாடு ஏற்றி வரும் லாரி பழுதானால் ஓட்டுநர் அவள் முற்றத்தில்தான் படுப்பார். மழையில் அகப்பட்ட மீன்காரி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நர்ஸ் என்று யாராவது ஒருவர் அவள் விரித்த பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தேர்தல் சமயத்தில் நாய் துரத்தி ஓடிவந்த கட்சிக்காரர்கள் இரண்டு பேர் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். இருவரும் எதிரெதிர்க் கட்சி. எனெலேசி ஒரே தட்டில் களியைக் குவித்து, பூசணிக்கீரையை நடுவில் வைத்து, இரண்டு பேர் கையிலும் தானே தண்ணீர் ஊற்றினாள். ஒரே தட்டில் கைவிட்டுச் சாப்பிட்ட பிறகு அவர்களால் சண்டையைத் தொடர முடியவில்லை. வெளியே நாய் வேறு காத்திருந்தது.

வந்தவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எந்த ஊர் என்று அவள் கேட்கமாட்டாள். முதலில் ஊரைக் கேட்பது சாப்பாட்டுக்கு விலை கேட்பது போல இருக்கிறது என்பாள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் மட்டும் உண்டு. லெவிசன் சபையில் மூப்பர். அவர் ஜெபித்தால் ஆதாமில் தொடங்கி அப்போஸ்தலர்வரை வந்து சேர்வதற்குள் களி ஆறிப்போகும். எனெலேசியின் ஜெபம் ஒரே மூச்சில் முடியும். பசியோடு ஒருவரை அனுப்பியதற்கும், கொடுக்க ஏதோ இருப்பதற்கும் அவள் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஆமென் போட்டுவிடுவாள். முஸ்லிம் லாரி ஓட்டுநர்கள்கூட அந்த ஆமெனுக்குத் தலையசைத்துவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

இதையெல்லாம் லெவிசன் அவளிடம் புகழ்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. செங்கல் சூளையிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் மற்றவர்களிடம் சொல்லுவார். அதுவும் குறை சொல்வது போலத்தான் சொல்லுவார். கேட்பவர்களுக்கு அது பெருமைதான் என்று புரிந்துவிடும்.

புருண்டிக் குடும்பம் வந்தது ஒரு பெருமழையில். சல்வத்தோர், அவன் மனைவி டொமித்தில், சிறுபெண் ஒருத்தி. அகதி முகாமிலிருந்து வந்து கடைத்தெருவில் ஒரு அறை பிடித்து, எண்ணெயில் மண்டாசி என்கிற மாவு உருண்டை பொரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். உருண்டை நன்றாக இருந்ததுதான் தப்பாகப் போயிற்று. உள்ளூர்க் கடைக்காரர்கள் கூடிப் பேசினார்கள், வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். பெரிய வாணலியும் இரண்டு மூட்டையுமாக எனெலேசியின் கூரை இறவாணத்துக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். மழை விட்டது. அவர்கள் போகவில்லை. மகள் கல்யாணமாகிப் போனபின் சும்மா கிடந்த பின்குடிசையை எனெலேசி அவர்களுக்குத் திறந்துவிட்டாள். பிறகு ஓடைக்கு அப்பால் உள்ள தன் நிலத்தில் ஒரு துண்டையும் பயிர் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

செய்தி கேட்டு லெவிசன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அவங்க யாரு, அங்க என்ன செஞ்சிட்டு ஓடி வந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊர்த்தலைவர் முன்னாடி கைகட்டி நிக்கப்போறது நான்."

"அதுக்குத்தான ஆண்டவர் உங்கள மூத்தவராப் படைச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு அவள் சல்வத்தோரைக் கூப்பிட்டு, குடிசையின் மேற்குச் சுவர் விரிசலை அண்ணனுக்குக் காட்டச் சொன்னாள்.

லெவிசன் பார்த்தார். கோணலான சுவரைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் முடியாது. மறுநாள் நூல் கயிறும் தூக்குக்குண்டும் கொண்டுவந்து அந்தச் சுவரை இடித்துக் கட்டிக்கொடுத்தார். கட்டி முடிக்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சல்வத்தோருக்கு மொழி சரியாகப் புரியாததால் அவர் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் நன்றி சொன்னான்.

ஊர் அவர்களை மெல்ல மெல்லச் சகித்துக்கொண்டது. டொமித்தில் அவரையைச் செம்பனை எண்ணெயில் சமைப்பதைப் பார்த்து ரத்தம் என்று பயந்த பிள்ளைகள், பிறகு தட்டோடு வரிசையில் நின்றார்கள். சபையின் மாதர் சங்கத்துக்குத்தான் மனம் ஆறவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் சங்கத்தலைவி நாபிரி அம்மா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"அறுவடையே முடிஞ்சிருச்சு எனெலேசி. ஒரு ஞாயித்துக்கிழமையாவது அவ நம்ம சபை வாசல மிதிச்சாளா? நீ கிண்டிப் போடுற, சாத்தான் திங்கிறான்."

"சாத்தானுக்குப் பூசணிக்கீர புடிக்காதுக்கா. அவதான் திங்கிறா."

பெண்கள் சங்கத்து வெள்ளைச் சட்டைக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நாபிரி அம்மா சிரிக்கவில்லை.

டொமித்தில் சபைக்கு வராததன் காரணம் எனெலேசிக்குத் தெரிந்திருந்தது. மக்காச்சோளம் உதிர்க்கும்போது டொமித்தில் ஒருநாள் தானாகச் சொன்னாள். அவள் ஊரில் கலவரம் வந்தபோது, மாதா கோயிலுக்குள் கை வைக்கமாட்டார்கள் என்று நம்பி அவள் அம்மாவும் தங்கையும் தம்பியும் அங்கே ஓடினார்கள். வெளியே கதவைப் பூட்டித் தீ வைத்தார்கள். தண்ணீருக்குப் போயிருந்த டொமித்தில் புல்லுக்குள் படுத்துக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனெலேசி கூடையில் இருந்தது தீரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து உதிர்த்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்ற பேச்சையே அவளிடம் எடுத்ததில்லை. டொமித்திலின் அடுப்பருகே போய் உட்காரும்போது அங்கேயே ஒரு வரி ஜெபிப்பாள், உப்பு போதுமா என்று கேட்பாள்.

மூப்பர் என்ற முறையில் லெவிசன் ஒருமுறை விசாரித்தபோது அவள் சொன்னது இவ்வளவுதான். "அந்த வாசல் அவளுக்கு வேற மாதிரிண்ணே. உள்ள வான்னு நான் இழுக்கமாட்டேன். வெளிய அவகூட நான் இருக்கேன்ல." முழுக் கதையும் பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது. 

அடுத்த மழை தொடங்கும் வாரத்தில் பெரியவர் லுஃபேயோ இறந்துபோனார். விடிந்ததும் ஊரின் மறுகோடியிலிருந்து அழுகுரல் கிளம்பியது. எனெலேசி தலையில் விறகுக்கட்டும் இடுப்பில் மாவுக்கூடையுமாகப் புறப்பட்டாள். டொமித்திலும் புருஷனும் முந்தின நாளே முகாமுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் விட்டுப்போன அவர்கள் மகளிடம் எனெலேசி, "அம்மா வந்தா, நான் லுஃபேயோ தாத்தா வீட்டுக்குப் போயிருக்கேன், ராத்திரி வரமாட்டேன்னு சொல்லு" என்றாள். சிம்பேனியில் யாருக்கும் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஒருவர் இறந்து, அவரை அடக்கம் செய்து முடிக்கும்வரை அந்த ஊரில் மண்வெட்டியை யாரும் தொடமாட்டார்கள். நடக்கத் தெரிந்த குழந்தைக்கே அது தெரியும். தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

டொமித்தில் மட்டும் அன்று சாயங்காலம் திரும்பி வந்தாள். அக்கம்பக்கம் வெறிச்சென்று கிடந்தது. மகள் சொன்னதைக் கேட்டு, அந்த வீட்டில் ஏதோ விசேஷம், அக்கா சமையலுக்குப் போயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். இரவு நல்ல மழை. ஊரெல்லாம் விதைப்புக்குப் பார் கட்டி முடித்துவிட்டது, அக்காவின் நிலம்தான் பாதியில் நிற்கிறது, ஊருக்கெல்லாம் வேலை செய்கிறவளுக்கு யார் செய்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. விடிவதற்கு முன்பே மண்வெட்டியோடு ஓடையைத் தாண்டிப் போனாள். தன் துண்டை விட்டுவிட்டு எனெலேசியின் நிலத்தில் இறங்கினாள். ஈர மண்ணை இரண்டு பக்கமும் இழுத்து அணைத்து, வரிசை வரிசையாகப் பார் கட்டிக்கொண்டே போனாள்.

இடுகாட்டுக்குப் போகிற பாதை அந்த நிலத்தை ஒட்டித்தான் போகிறது. குழி வெட்டப் போன ஆட்கள் அதைப் பார்த்தார்கள். குழிவெட்டிகளின் தலைவன் கச்சேபா. சாவு வீட்டில்கூட ஆளைக் கிண்டல் செய்ய உரிமை உள்ளவன், அந்த உரிமையை வீணாக்காதவன். அன்று அவன் கிண்டல் செய்யவில்லை. பாதையில் நின்று, மேலே எழும்பி இறங்கிய மண்வெட்டியைச் சிறிது நேரம் பார்த்தான். பிறகு உடன் வந்தவர்களிடம், இந்த நிலத்துக்காரி வீட்டில் சாவு விழுந்தால் இனி நாம் குழி வெட்டமாட்டோம் என்று சொன்னான். டொமித்தில் நிமிர்ந்து பார்த்து, அவர்களும் வேலைக்குப் போகிறார்கள் என்று எண்ணிக் கையசைத்தாள்.

அடக்கத்துக்கு முன்பே செய்தி ஊர் முழுக்கப் பரவியது. கல்லறைப் பாட்டு பாடும்போது, தன்னைப் பார்க்கிறவர்களைவிடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான் லெவிசனின் மனதைச் சுட்டார்கள். ஊர்த்தலைவர் அவரைத் தனியே அழைத்துத் தணிந்த குரலில் பேசினார். சாவு வீட்டைக் கூட்டித் துக்கம் பெருக்கித் தள்ளும் கடைசி நாள் முடிந்ததும் ஊர் மன்று கூடும். சாவு வீட்டுக்கு ஓர் ஆடு கொடுக்க வேண்டும். விதைப்பு தொடங்கும் முன் அந்த வெளியூர்க் குடும்பம் ஊரைவிட்டுப் போக வேண்டும். மன்றில் அதை லெவிசனே எழுந்து சொல்லிவிட்டால் எல்லோருக்கும் மரியாதையாக இருக்கும். லெவிசன் சரி என்று தலையாட்டினார்.

அதைச் சொல்லத் தங்கை வீட்டுக்குப் போனார். அவருக்கு முன்பே எனெலேசி வந்திருந்தாள். குடிசைக்குள் டொமித்தில் மூட்டைகளைக் கட்டி, மேலே வாணலியையும் கவிழ்த்து முடிச்சுப் போட்டிருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. ஊர் எப்போது பார்வையை மாற்றுகிறது, எப்போது கிளம்ப வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனெலேசி குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இடிக்கச் சொல்லிக்கொடுத்தேன், புடைக்கச் சொல்லிக்கொடுத்தேன், பாட்டு சொல்லிக்கொடுத்தேன். இத சொல்லலையே. தப்பு என்னுது. எந்திரி, துணிய நல்லாக் கட்டிக்கோ. நாம போகணும்."

"எங்கக்கா?"

"செலிஃபா அக்கா வீட்டுக்கு. துக்கத்துக்கு."

செலிஃபா லுஃபேயோவின் மனைவி. லெவிசன் வாசலை மறித்துக்கொண்டு, உள்ளே விடமாட்டார்கள், அவமானப்படுத்துவார்கள் என்றார். ஊர்த்தலைவர் சொன்னதையும் சொன்னார். எனெலேசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மன்றுல நீங்க பேச வேண்டியத நீங்க பேசுங்கண்ணே. நாங்க அழ வேண்டியத அழுதுட்டு வர்றோம்" என்று சொல்லி டொமித்திலின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

சாவு வீட்டில் பெண்கள் தரையில் காலை நீட்டிச் செலிஃபாவைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. எனெலேசி வாசற்படி ஓரமாக உட்கார்ந்தாள், டொமித்தில் அவள் முதுகுக்குப் பின்னால். அந்த ஊரில் துக்கத்துக்கு வருகிற பெண், இறந்தவரைச் சொல்லி அழுதுவிட்டு, பிறகு தன் வீட்டில் இறந்தவர்களையும் பெயர் சொல்லி அழுவாள். எனெலேசி முதலில் லுஃபேயோவுக்காக அழுதாள், பிறகு தன் புருஷன் பெயரைச் சொல்லி அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த டொமித்திலிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கொன்சொலாத்தா, என்றாள். பிலோமேன், என்றாள். எவாரிஸ்த், என்றாள். அத்தனை வருடத்தில் அவள் அந்தப் பெயர்களைச் சத்தமாகச் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒரு வீடு கிடைத்ததில்லை. ஒருமுறை தொடங்கியதும் அவளால் நிறுத்த முடியவில்லை. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செலிஃபா கேட்டாள். "யாரு இவங்கல்லாம்?"

 டொமித்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரிந்த கொஞ்ச மொழியில் தானே சொன்னாள். அம்மா. தங்கை. தம்பி. கோயில். கதவு. நெருப்பு.

"யாரு குழி வெட்டுனா?"

"யாரும் வெட்டல."

செலிஃபா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். அங்கே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் உண்டானது. எனெலேசி டொமித்திலை முன்னால் தள்ளிவிட்டாள்.

துக்கம் பெருக்கும் நாள்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். டொமித்தில் கரிப்பிடித்த பெரிய பானைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். அந்த வேலைக்கு யாரும் போட்டிக்கு வருவதில்லை. நாபிரி அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தானும் ஒரு பானையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

இதெல்லாம் லெவிசனுக்கு அரைகுறையாகத்தான் காதுக்கு வந்தது. ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி இருந்தார்கள். மன்று கூடிய காலையில் அவர் பேச வேண்டியதை மனதுக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். முதலில் ஆடு, பிறகு வருத்தம், பிறகு அந்தக் குடும்பம் புறப்படும் நாள். ஊர்த்தலைவர் வீட்டு முன்னால் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். முகாமிலிருந்து திரும்பியிருந்த சல்வத்தோர் மகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசியில் இருந்தான். லெவிசன் எழுந்தார். பெண்கள் பக்கம் பார்வை போயிற்று. எனெலேசியும் டொமித்திலும் ஒரே பாயில் இருந்தார்கள். தங்கையின் முகத்தில் கெஞ்சல் இல்லை. மன்றுக்கு வரும்போது வழக்கமாக எப்படி உட்காருவாளோ அப்படி உட்கார்ந்திருந்தாள்.

"என் தங்கச்சி விருந்தாளி செஞ்ச தப்பு, என் தங்கச்சி செஞ்ச தப்பு. அவ செஞ்சது நான் செஞ்சது. ஆடு கொண்டாந்திருக்கேன்" என்றார்.

"அப்புறம்?" என்றார் ஊர்த்தலைவர்.

 லெவிசன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்புறம் அவங்கள அனுப்பணும்னா, அத என் தங்கச்சிகிட்ட நான் சொல்லமாட்டேங்க. இந்த வாய்க்கு அது வரல. தங்கச்சிங்களுக்குப் பொறுப்பா இருக்க நான் லாயக்கில்லன்னு மன்று நினைச்சா, அந்தப் பொறுப்ப என் தம்பிகிட்ட கொடுத்திருங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அறுபதை நெருங்கும் மனிதர் அப்படிச் சொல்வது சின்ன விஷயமில்லை. அந்தப் பொறுப்புப் போனால் கல்யாணப் பேச்சில் அவருக்குப் பாய் விரிக்கமாட்டார்கள், தங்கை பிள்ளைகள் அவர் சொல்லைக் கேட்க வேண்டியதில்லை. ஊர்த்தலைவர், சாவு வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். குற்றம் அவர்களுக்கு எதிரானது.

செலிஃபா துக்கத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். தன் புருஷன் விதைக்கு எடுத்துக் கட்டிவைத்த மக்காச்சோளம் அடுப்புக்கு மேலே தொங்குகிறது என்று ஆரம்பித்தாள். அவருக்குப் பிறகு பார் கட்ட ஆளில்லை, மகன்கள் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறார்கள் என்றாள்.

"இவள ஊரவிட்டு அனுப்பிட்டா என் நிலத்துல யாரு எறங்குவா? நீங்களா, தலைவரே? துக்க நாள்ல அத்தன பார் கட்டுனவளுக்கு நல்ல நாள்ல கட்டத் தெரியாதா? முதல்ல என் நிலத்துல கட்டட்டும். அதான் என் வீட்டுக்குத் தண்டம்."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஊர்த்தலைவர் கச்சேபாவைப் பார்த்தார். குழிவெட்டிகள் போட்ட சத்தியம் தனி. அதை மன்று நீக்க முடியாது, அவர்களேதான் நீக்க வேண்டும். கச்சேபா எழுந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு டொமித்திலை மேலும் கீழும் பார்த்தான்.

"அன்னைக்கு நான் சாவு வேலைக்குப் போறேன், இவ எனக்குக் கைய ஆட்டுறா. எனக்குக் கைய ஆட்டி அனுப்புனவ இந்த ஊர்ல இவ ஒருத்திதான். எல்லாரும் என்னப் பாத்தா ஒளிஞ்சுக்குவாங்க." கூட்டம் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு குரல் இறங்கியது. "இவ ஆளுங்களுக்குக் குழி வெட்ட ஆள் இல்லாமப் போச்சாம். என் பொண்டாட்டி சொன்னா. அது தெரியாம நான் ஒண்ணு சொல்லிட்டேன். அந்தச் சொல்ல எடுத்துக்கிறேன். இந்த வீட்டுக்கும் நாங்க வெட்டுவோம். ஆனா சாக அவசரப்படாதீங்க. குழிவெட்டிங்களுக்கு ஒரு வாணலி மண்டாசி, இன்னைக்கே."

டொமித்தில் எனெலேசியின் காதில், அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். "மாவு இருக்கான்னு கேக்குறாரு" என்றாள் எனெலேசி.

மழை ஒழுங்காகப் பெய்த ஆண்டு அது. டொமித்தில் செலிஃபாவின் நிலத்தில் பார் கட்டினாள், பக்கத்துப் பாரில் எனெலேசி குனிந்து வேலை செய்தாள். துக்கத்தில் இருப்பதால் செலிஃபா சபைக்கு வருவதில்லை. டொமித்தில் எப்போதும் போல வரவில்லை, வேலை முடிந்து செலிஃபாவின் முற்றத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். எனெலேசி வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து, வர முடியாதவர்கள் இரண்டு பேர் ஒரே முற்றத்தில் இருக்கிறார்கள், நாம் நடந்து போனால் என்ன என்று மட்டும் கேட்டாள். சங்கத்துச் சட்டம் அதற்கு இடம் கொடுக்குமா என்று நாபிரி அம்மா யோசித்தாள். அடுத்த வியாழன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து செலிஃபாவின் முற்றத்தில் விரித்ததும் அவள்தான்.

ஒரு பாட்டு பாடினார்கள். துக்கப்படுகிறவர்களுக்காக ஜெபிக்கும் முன், யாரை இழந்து அழுகிறார்கள் என்று நாபிரி அம்மா பெயர் கேட்டாள். செலிஃபா புருஷன் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். டொமித்தில் மூன்று பெயரையும் சொன்னாள். நாபிரி அம்மாவுக்கு முதல் பெயரே நாக்கில் ஏறவில்லை.

"மெதுவாச் சொல்லும்மா. ஆண்டவர் முன்னாடி சொல்லப்போறேன், தப்பாச் சொல்லக்கூடாது" என்றாள்.

டொமித்தில் திரும்பச் சொன்னாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து, பிழை இல்லாமல் வரும்வரை அந்தப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார்கள். வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற லெவிசன் தொப்பியைக் கழற்றினார். ஜெபம் முடியும்வரை அங்கேயே நின்றார்.